முழங்கால் தேய்மானத்துக்கு வீட்டில் கிழி வைப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

கிழி என்பது இலையையோ பொடியையோ வறுத்துத் துணியில் மூட்டையாகக் கட்டி, சூடாக ஒத்தி எடுப்பது. அம்மாவின் முட்டிக்கு முதன்முதலில் அதை வைத்த அன்று, சூடு சரியாக இருக்கிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். வருடக்கணக்கில் தோசைக்கல்லோடு பழகிய விரல். அதற்கு எல்லாச் சூடும் இதமான சூடுதான். "கொஞ்சம் சுடுதுடி" என்றாள் அம்மா. "சூடா இருந்தாதான்மா பிடிக்கும்" என்று நான் பெரிய வைத்தியர் கணக்காகப் பதில் சொன்னேன். மறுநாள் காலையில் முட்டிக்குக் கீழே நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். அது ஆறும் வரை பத்து நாள் கிழியும் இல்லை, தைலமும் இல்லை.

அதன் பிறகுதான், ஆயுர்வேத மருத்துவமனையில் கிழி வைக்கும் ஓர் அம்மாவின் பக்கத்தில் ஒரு வாரம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். எந்த இலை, எந்தத் தைலம் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அவரோ அதைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. எப்போது ஆரம்பிக்கக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் கட்டுரையிலும் அதுதான் அதிகம் இருக்கும்.

முதலில், இது தேய்மானம்தானா?

முழங்கால் வலி எல்லாம் தேய்மானம் இல்லை. தேய்மானத்துக்கென்று ஒரு போக்கு உண்டு. காலையில் எழுந்ததும் முட்டி விறைப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நடந்தால், படி இறங்கினால், தரையில் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். மடக்கி நீட்டும்போது உள்ளே நறநறவென்று ஓர் உணர்வு. வலி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லக் கூடியிருக்கும். ஆயுர்வேதத்தில் இதற்கு 'சந்திகத வாதம்' என்று பெயர். காற்றடைத்த தோல்பையைத் தொடுவது போன்ற வீக்கம், நீட்டி மடக்கும்போது வலி என்று ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை அடையாளம் சொல்கிறது. தேய்ந்த முட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

அதற்கு மாறாக, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்குகின்றன, அல்லது ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முட்டி மட்டும் சிவந்து வீங்கிவிட்டது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். முடக்குவாதம், யூரிக் அமிலம், மூட்டுக்குள் கிருமித் தொற்று எதுவாகவும் இருக்கலாம். கிழிச் சட்டியை அடுப்பில் ஏற்றும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சலோடு முட்டி வீங்கியிருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

உலகம் முழுக்க மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 2019-இல் சுமார் 52.8 கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் முழங்கால் தேய்மானம் மட்டும் சுமார் 36.5 கோடி. பெண்களே அதிகம். அதனால் உங்கள் வீட்டு முட்டி ஒன்றும் அபூர்வமான முட்டி இல்லை; பயப்படாமல் படியுங்கள்.

சூடு என்ன செய்யும், என்ன செய்யாது

தேய்ந்த முட்டியில் வலிப்பது எலும்பும் குருத்தெலும்பும் உரசும் இடம் மட்டும் இல்லை. வலிக்குப் பயந்து தொடைத் தசையும் கெண்டைத் தசையும் இறுகிப்போயிருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறையும் நார்களும் விறைத்திருக்கும். சூடு பட்டால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும், வலி உணர்வு மட்டுப்படும். காய்ந்த கட்டையைக்கூட எண்ணெய் பூசிச் சூடு காட்டி வளைக்கலாம், உயிருள்ள உடம்பை வளைக்க முடியாதா என்று சரகம் கேட்கிறது. எண்ணெய் முன்னால், சூடு பின்னால் என்ற வரிசை அங்கிருந்து வருவதுதான்.

சூடு செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை அது திரும்ப வளர்க்காது. "இருபத்தோரு நாளில் புது முட்டி" என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பையும் வலியையும் கொஞ்ச நேரம் தளர்த்தித் தருவதுதான் கிழியின் வேலை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யாருக்குக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் நரம்பில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு அதிகமானாலும் "சுடுது" என்று சொல்லத் தெரியாது. வெந்த பிறகுதான் தெரியும். கிழி போலச் சூடு கொடுத்து வியர்க்க வைக்கும் சிகிச்சை கூடாதவர்கள் பட்டியலில் சரகமே மதுமேகத்தை, அதாவது சர்க்கரை நோயை, சேர்த்திருக்கிறது. ஒரு சின்னப் பரிசோதனை: அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான நீர் உள்ள டம்ளரையும் குளிர்ந்த நீர் உள்ள டம்ளரையும் மாற்றி மாற்றி முட்டியின் பக்கவாட்டில் தொடும்படி வையுங்கள். எது சூடு, எது குளிர்ச்சி என்று தடுமாறினால் வீட்டில் கிழி வேண்டாம். சரியாகச் சொன்னாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, கதகதப்பாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, நேராக மருத்துவமனைதான். புண், தோல் நோய், புடைத்த நரம்புச் சுருள் இருக்கும் இடத்திலும் கிழி வேண்டாம். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லாரும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எந்த முட்டிக்கு எந்தச் சூடு

புறங்கையால் இரண்டு முட்டியையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். வலிக்கிற முட்டி மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா? சிவந்து, நீர் கோத்து இருக்கிறதா? அப்படியென்றால் அன்றைக்குக் கிழியும் இல்லை, எண்ணெயும் இல்லை. கொதிக்கிற இடத்தில் மேலும் கொதி ஏற்றுவது போலாகும். ஓரிரு நாள் ஓய்வு கொடுத்து, அடங்கிய பிறகு பார்க்கலாம். அடங்கவில்லை என்றால் காட்ட வேண்டும்.

சூடு இல்லை, ஆனால் கனமாக, மந்தமாக, லேசான வீக்கத்தோடு இருக்கிறது என்றால் எண்ணெய் இல்லாத உலர்ந்த சூடு. ஆயுர்வேதத்தில் மணல் கிழி இதற்காகத்தான் இருக்கிறது. நன்றாகக் கழுவிக் காயவைத்த மணலையோ கல் உப்பையோ வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது. செய்வது சுலபம், ஆனால் மணலும் உப்பும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. முட்டி மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல்தான் ஒத்த வேண்டும்.

வறண்டு, விறைத்து, நறநறக்கிற பழைய தேய்மானமா? அதற்குத்தான் எண்ணெயோடு சேர்ந்த சூடு. வீட்டில் செய்யத் தோதானது இலைக்கிழி. இலை கிடைக்காவிட்டால் பொடிக்கிழி. கொட்டஞ்சுக்காதி, கோலகுலத்தாதி போன்ற சூரணங்களை வறுத்துக் கட்டுவார்கள்.

ஜானு வஸ்தி, நவரக்கிழி இரண்டையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முட்டியைச் சுற்றி உளுந்து மாவால் சுமார் இரண்டு அங்குல உயரத்துக்கு வரப்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தைத் தேக்கி வைப்பது ஜானு வஸ்தி. ஆறினதும் பஞ்சால் ஒற்றி எடுத்து, சூடான தைலத்தை மறுபடி ஊற்றுவார்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். பார்க்கச் சுலபமாக இருக்கும். ஆனால் மாவு தோலோடு ஒட்டும் இடத்தில் நூலிழை அளவு இடைவெளி விட்டாலும் தைலம் முட்டிக்கு அடியில் வடிந்து, மெத்தை முழுக்க ஊறி, பாதியில் நின்றுவிடும். நவரக்கிழியில் நவரை அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டி என்ற மூலிகையின் கஷாயத்திலும் வேகவைத்துக் கட்டுவார்கள். தசை மெலிந்து போனவர்களுக்கானது. இரண்டையும் பட்டம் பெற்று, பதிவு செய்த ஆயுர்வேத மருத்துவரின் மேற்பார்வையில் செய்துகொள்வது நல்லது.

சித்த மருத்துவத்திலும் இதே வழி உண்டு. அதன் 32 வகைப் புறமருத்துவத்தில் ஒற்றடம், வேது (ஆவி பிடிப்பது), பொட்டணம் (மருந்தைத் துணியில் கட்டி ஒத்துவது) எல்லாம் வருகின்றன. கிழியும் பொட்டணமும் ஏறக்குறைய பங்காளிகள்.

இலைக்கிழி கட்டுவது

இரண்டு கிழிக்கு வேண்டியவை: சுமார் 400 கிராம் இலை, அரை மூடித் தேங்காய்த் துருவல், இரண்டு எலுமிச்சம்பழம், பத்துப் பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி இந்துப்பு, இரண்டு தேக்கரண்டி வெந்தயப் பொடி, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். இலையில் நொச்சி, ஆமணக்கு, முருங்கை, புளி, வாதநாராயணன் இவற்றில் எது கிடைக்கிறதோ அது. ஐந்தும் சேர வேண்டும் என்று அலைய வேண்டாம், நொச்சியும் ஆமணக்கும் இருந்தாலே போதும். எருக்கையும் ஊமத்தையையும் பாரம்பரியமாகச் சேர்ப்பார்கள். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஊமத்தையோ விஷச்செடி. வீட்டுக் கிழிக்கு இரண்டும் வேண்டாம்.

துணி முக்கியம். மெல்லிய துணி கிழிந்துவிடும், பாலியஸ்டர் கலந்தால் சட்டியில் உருகும். வெளுக்காத காடாத் துணியை ஒன்றரை அடிச் சதுரமாக நான்கு துண்டு வெட்டி, ஒருமுறை அலசிக் காயவையுங்கள். இரண்டு கட்டுவதற்கு, இரண்டு மாற்றுக்கு.

இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்திப் பொடியாக நறுக்குங்கள். ஈரத்தோடு வறுத்தால் கிழியிலிருந்து கொதிநீர் கசிந்து தோலைச் சுட்டுவிடும். இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, பூண்டு, எலுமிச்சைத் துண்டு, தேங்காய்த் துருவல் போட்டு வறுங்கள். தேங்காய் பொன்னிறம் ஆகும்போது இலையைப் போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். இலை முதலில் தண்ணீர் விட்டுக் குழையும், அப்புறம் மெல்ல உதிர ஆரம்பிக்கும். நொச்சி வாசம் வீடு முழுக்க ஏறும்போது இன்னும் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வெந்தயப் பொடி, மஞ்சள், இந்துப்பு சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி இறக்கிவிடலாம்.

பாதிப் பாதியாகப் பிரித்துத் துணி நடுவில் வைத்து, நான்கு முனையையும் சேர்த்துத் திருகி, நூலால் இறுகக் கட்டுங்கள். அடிப்பக்கம் கொழுக்கட்டை போல உருண்டு, கொஞ்சம் தட்டையாக இருக்க வேண்டும். மேலே மிஞ்சும் துணியை மடித்துச் சுற்றினால் அதுவே கைப்பிடி. தளர்வாகக் கட்டினால் உள்ளே இருப்பது ஒரு பக்கமாக ஒதுங்கி, வெறும் துணிதான் தோலில் படும்.

வைப்பது

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்; வெறும் வயிறும் வேண்டாம். மின்விசிறியை அணைத்துவிட்டு, காற்று நேராக வீசாத இடத்தில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் கால் லேசாக மடங்கி, தசை தளர்ந்து இருக்கும். பழைய விரிப்பு போடுங்கள். எண்ணெய்க் கறை போகாது, இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

வெதுவெதுப்பான தைலத்தைத் தொடையின் கீழ்ப்பாதியிலிருந்து கெண்டைக்கால் நடு வரை பத்து நிமிடம் மெல்லத் தடவுங்கள். மஹாநாராயண தைலம், தன்வந்தரம் தைலம், கொட்டஞ்சுக்காதித் தைலம் எதுவும் ஆகும். எது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதுதான். தைலத்தை அடுப்பில் நேராகச் சூடாக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கி வைத்து எடுங்கள்.

இப்போது இரும்புச் சட்டியைச் சிறு தீயில் வைத்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கிழிகளைப் புரட்டிப் புரட்டிச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள். வெளியே ஆறினது போல் இருக்கும், உள்ளே ஓரிடத்தில் நெருப்பாய் இருக்கும்.

சூடு பார்ப்பது விரலால் இல்லை. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து மூன்று எண்ணுங்கள். நிம்மதியாக மூன்று எண்ண முடிந்தால் சரி. அதன் பிறகு வைத்துக்கொள்பவரின் மணிக்கட்டிலும் ஒருமுறை வைத்துக் காட்டுங்கள். வயதானவர்களின் தோல் நம் தோலைவிட மெல்லியது. அவர் "சுடுது" என்றால் சுடுகிறது, அவ்வளவுதான். அதில் விவாதம் இல்லை.

கிழி சட்டியிலிருந்து வந்த உடனே அழுத்தக் கூடாது. முதலில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், ஓரிடத்தில் ஒரு நொடிக்கு மேல் நிற்காமல். சூடு கொஞ்சம் இறங்கினதும் ஒத்தி ஒத்தி எடுக்கலாம். இன்னும் இறங்கினால் அழுத்தித் தேய்க்கலாம். நான் பக்கத்தில் நின்று பார்த்த அந்த அம்மாவின் கையில் இந்த மூன்றும் தாளம் மாறுவது போல மாறிக்கொண்டே இருக்கும். கிழி ஆறுவதும் அழுத்தம் கூடுவதும் ஒரே சீராக நடக்கும். தேய்ப்பது நிற்கும்போது அடுத்த கிழி தயாராகச் சட்டியில் இருக்கும்; இதை அங்கே வைத்து அதை எடுப்பார். ஒரு கிழி இரண்டு மூன்று நிமிடம் தாங்கும். உதவிக்கு இன்னொருவர் இருந்தால் நல்லது. தனியாகச் செய்தால் நடை அதிகம்.

முட்டிச் சில்லு மேல் அழுத்த வேண்டாம். சில்லுக்கு நான்கு விரல் மேலே தொடைத் தசை, இரண்டு பக்கவாட்டு, கெண்டைக்கால் மேல்பகுதி, இவைதான் இடம். பலருக்கு உள்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும், அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். முட்டியின் பின்குழியில் ரத்தக் குழாய்கள் மேலாக ஓடுகின்றன. அங்கே லேசாக ஒத்தினால் போதும்.

எப்போது நிறுத்துவது

முதல் நாள் பத்துப் பதினைந்து நிமிடம். பழகின பிறகு ஒரு முட்டிக்கு இருபது நிமிடம், மிஞ்சிப் போனால் அரை மணி. ஆனால் கடிகாரத்தைவிடத் தோலைப் பாருங்கள். குளிர்ச்சியும் வலியும் போய், விறைப்பும் கனமும் குறைந்து, தோல் இளகி வியர்வை துளிர்த்தால் நிறுத்து என்கிறது சரகம். மேல் உதட்டில் வியர்வை, முட்டியைத் தொட்டால் பிசைந்த மாவு போன்ற மென்மை. நான் அப்போது நிறுத்திவிடுவேன்.

எரிச்சல், தாகம், தலைச்சுற்றல், படபடப்பு வந்தால் அந்த நொடியே நிறுத்தி, தைலத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்துப் படுக்க வையுங்கள். தோல் திட்டுத்திட்டாக அடர்ந்து சிவந்து அரை மணிக்குப் பிறகும் மறையவில்லை என்றால் சூடு கூடிவிட்டது. குழாய்த் தண்ணீரைப் பத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ், மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். மறுநாள் கிழிக்கு விடுமுறை.

அதற்கு அடுத்த ஒரு மணி நேரம்

கிழி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, முட்டியைப் போர்த்தி, கால் மணி நேரம் படுத்திருக்கட்டும். உடனே ஏசி அறைக்குள் போவதும் பச்சைத் தண்ணீரில் குளிப்பதும் வேண்டாம். பிறகு, இறுக்கம் தளர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே கொஞ்சம் பயிற்சி. பெரும்பாலானவர்கள் தூங்கிப்போவது இங்கேதான், என் அம்மா உட்பட.

படுத்தபடியே, முட்டிக்கு அடியில் இருக்கும் துண்டைப் பின்பக்கத்தால் கீழே அழுத்தி ஐந்து நொடி பிடித்து விட வேண்டும், பத்து முறை. தொடைத் தசை கல் போல் இறுகுவது கையால் தொட்டால் தெரியும். அடுத்து, மற்ற காலை மடக்கிக்கொண்டு, இந்தக் காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து நொடி நிறுத்தி இறக்க வேண்டும், அதுவும் பத்து. முழங்கால் தேய்மானத்துக்குப் பலன் உண்டு என்று மருத்துவ உலகம் அடித்துச் சொல்லும் விஷயங்களில் தொடைத் தசைப் பயிற்சி முதல் வரிசையில் இருக்கிறது. உடல் எடை அதற்கு அடுத்து. எடை கூடுதலாக உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. கிழியை மட்டும் வைத்துக்கொண்டு இவை இரண்டையும் விட்டால், அடுத்த மாதமும் அதே சட்டியோடு அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்போம்.

எத்தனை நாள்?

ஒரு சுற்றுக்கு ஏழு நாள் என்பது வழக்கம். சிலருக்கு 14 வரை சொல்வார்கள். ஏழாம் நாள் முடிந்ததும் நிறுத்திவிட்டு, படி இறங்குவதும் நாற்காலியிலிருந்து எழுவதும் முன்பைவிட எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் நாளும் இதே கேள்வியை எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டு சுற்று முடிந்தும் வித்தியாசமே இல்லை என்றால் மூன்றாவது சுற்று வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, திடீரென்று மடங்கி விழப்பார்ப்பது, ராத்திரி வலியில் தூக்கம் போவது, இவற்றுக்குச் சுற்று முடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கட்டிய இலைக்கிழியை ஆறவைத்து, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் ஆகும். மூன்றாம் நாள் புதிதாகக் கட்டுங்கள். புளித்த வாசம் வந்தால் அதற்கு முன்னாலேயே தூக்கிப் போட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று. எழுந்து நிற்கச் சொல்வதற்கு முன்னால் உள்ளங்காலைத் துடையுங்கள், தரையையும் துடையுங்கள். எண்ணெய்க் காலோடு மொசைக் தரையில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் இப்போது கிழி வைக்க உட்காரும் முன்பே கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, அம்மாவின் ரப்பர் செருப்பை அதன் மேல் எடுத்து வைத்துவிடுகிறேன்.